நாற்பத்தெட்டு மணித்தியாலம்

பாதையில் வரும்போது அவன் அழவில்லை.
குருமண்வெளித் துறையில் ஏறி
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே
உடுப்புக் கூடைமேல் கூடை கவிழ்த்துக் கட்டிய கூட்டுக்குள்
வாவித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான்.
ஊசி ஏறிய வலது பின்கால்
அப்போது அவனுடையதாகத்தான் இருந்தது.

மண்டூரில் இறங்கி, வீடு திறந்து,
கயிற்றை அவிழ்த்த பிறகுதான்
காலைத் தரையில் வைத்தான்,
எடுத்தான்,
ஆரோ இரவல் தந்ததைப் போல
இழுத்துக்கொண்டு
தையல் மெசினுக்குக் கீழே போனான்.
தோடை என்று கூப்பிட்டேன்.
வாலின் நுனிகூட அசையவில்லை.

"ரெண்டு நாளைக்குச் சோர்வாக் கிடப்பான்.
தின்னமாட்டான். ஊசி போட்ட இடம் கட்டியா இருக்கும்.
முகம் வீங்கினா, மூச்சு இழுத்தா மட்டும் எடுங்க.
பயப்பட ஒண்டுமில்ல."
மிருக வைத்தியர் நஸ்மியா சொன்னார்.
நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினேன்.
அந்த வசனம் என்னுடையது.
பதினேழு வருசமாக
கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கு நான் சொல்வது,
கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும்.

வம்மி மரத்தடி நாய்க்கு விசர் பிடிக்காவிட்டால்
இந்த ஊசியே வேண்டியதில்லை.

இரவு எட்டு மணிக்குக் காதைத் தொட்டேன்.
இறக்கி வைத்த இடியப்பத் தட்டின் சூடு.
மணலை மீனை உப்பில்லாமல் அவித்து
முள்ளெடுத்துப் பிசைந்து
விரலில் தடவி நீட்டினேன்.
முகத்தைத் திருப்பினான்,
கடன் கேட்டு வந்தவளைக் கண்டதுபோல.

பத்து மணிக்கு
பிள்ளைகளை நிறுக்கும் தொங்கு தராசைப்
பையிலிருந்து எடுத்தேன்.
அரச சொத்து.
நீலத் துணிக் காற்சட்டையின் ஓட்டைகளில்
பின்கால்களை நுழைத்து,
நோகும் காலைக் கடைசியாக,
யன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
மூன்று கிலோ அறுநூறு.
பின்னேரம் டொக்டர் நிறுத்தபோதும் அதேதான்.
தராசு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் என்னைக் கடிக்காமல் தொங்கியதுதான்
என்னவோ சொன்னது.

மேசையில் பிள்ளைகளுக்கான பனடோல் சிரப்.
பூனைக்கு அது நஞ்சு. தெரியும்.
தெரிந்த கைதான் இரண்டு தரம் அங்கே போனது.
பிறகு கதிரை போட்டு ஏறி
அலுமாரிக்கு மேலே, சுவரோரம் தள்ளி வைத்தேன்,
என் கைக்கு எட்டாத இடத்தில்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.
தம்பலவத்தைப் புவிதாரணி. தலைப்பிள்ளை.
காலையில்தான் இரண்டு மாத ஊசி போட்டது.
"மிஸ், புள்ளைக்கு மேல் சுடுது.
காலைத் தொட விடுறான் இல்ல."
"பயப்பட" என்று தொடங்கினேன்.
மெசினுக்குக் கீழேயிருந்து
நூல்போல ஒரு சத்தம்.
"மிஸ், உங்கட ஊட்ட ஆர் அழுறது?"

சொன்னேன்.
கொஞ்ச நேரம் அங்கால ஒன்றுமில்லை,
மின்விசிறி மட்டும்.
மறுகா கேட்டாள்:
"அதுக்கும் தொடையிலயா?"
"தொடையிலதான்."
முதலில் சிரித்தது அவளா நானா தெரியாது.

எத்தனை காட்டுது? முப்பத்தெட்டு அஞ்சு.
பால் குடிக்கிறானா? குடிக்கிறான்.
மூத்திரம் போறானா? போறான்.
சட்டையைக் கழட்டு. ஈரத் துணியால துடை.
சொன்ன அளவு சிரப், கூட வேணாம்.
"உங்கட ஆள் குடிக்கிறாரா மிஸ்?"
"இல்ல."
"அப்ப நீங்க என்ன செய்யிற?"
பதினேழு வருசத்தில்
இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.
"பக்கத்துல படுத்திருக்கன்."
"நானும்தான்" என்றாள்.
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம்.

சீமெந்துத் தரையில் கன்னம் வைத்து
மெசின் மிதிபலகைக்குள் தலையை விட்டு
மணிக்கூட்டைப் பிடித்து மூச்சை எண்ணினேன்.
முப்பத்தாறு. முப்பத்துநாலு.
நடுவில் ஒருதரம் எண்ணிக்கை தவறி
நித்திரையாய்ப் போனேன்.

விரலில் அரம் உரசியது.
வெளியே இன்னும் விடியவில்லை.
மீனை அவன் பார்க்கவில்லை,
மீன் மணத்த விரலைத்தான் நக்கினான்,
இடுக்கு இடுக்காக,
தோல் எரியுமட்டும்.
பிறகு கடித்தான்.

போனில் நாலு பத்துக்கு வந்த படம் ஒன்று கிடந்தது.
துணிக்கு வெளியே நீட்டிய
ஒரு சின்னக் கால்.

ஐந்து மணி.
இன்னும் முப்பத்துநாலு மணித்தியாலம் கிடக்கிறது.